மிளகாய்க் களத்தில் நனையாதவர்கள்

மஞ்சனேந்தலில் அந்த மாசி மாதத்து மத்தியானம் பெய்த மழை ஆட்டின் மேல் பெய்தது, மாட்டின் மேல் பெய்தது, கண்மாய்க்கரைக் கருவேல மரங்களின் மேல் பெய்தது, களத்தில் காயப் போட்டிருந்த மிளகாய்ப் பழத்தின் மேல் பெய்தது, பழத்தைக் குவிக்க ஓடிய ராஜாங்கத்தின் வழுக்கைத் தலையில் பெய்தது, தார்ப்பாயை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிய அவன் பொண்டாட்டி சுகந்தியின் மேல் பெய்தது, ஆனால் மாசிக் களரிக்குச் சாமி கும்பிடப் பிறந்த ஊருக்கு வந்திருந்த ராஜாங்கத்தின் அக்கா வளர்மதியின் மேல் மட்டும் பெய்யவில்லை.

வளர்மதி களத்தின் நடுவில் நின்றாள். அவளைச் சுற்றி, ஒரு சேலையை வட்டமாக விரித்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்துக்கு ஒரு சொட்டு விழவில்லை. மழை அவள் தலைக்கு மேலே வந்ததும், வேண்டாத சொந்தக்காரரைக் கண்டு தெருவில் ஒதுங்கிப் போகிறவர் போல இரண்டு பக்கமும் ஒதுங்கி விழுந்தது. அவள் காலடியில் கிடந்த பழம் மொறமொறவென்று கிடந்தது. வேறு ஊராக இருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள், டிவிக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். ராஜாங்கம் மிளகாய்க்காரன். மழையில் நனைந்த பழம் வெள்ளை பாரித்துச் சோடையாகிப் போகும் என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு பயம் கிடையாது. அவன் சொன்னான்:

"அக்கா, அசையாத. அங்கயே நில்லு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிழக்க ரெண்டு எட்டு தள்ளி நில்லுக்கா, அங்கிட்டுத்தான் பழம் சாஸ்தி" என்றான்.

வளர்மதி கிழக்கே தள்ளி நின்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் தெரிந்து, டீக்கடையில் வடை தீருவதற்குள் அதற்கு முடிவும் கட்டிவிட்டார்கள். கூடப் பிறந்தவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அப்பன் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட பொம்பளை, தான் எழுதிக் கொடுத்த நிலத்தில் நின்றால் நனைய மாட்டாள். அவ்வளவுதான். இது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் மட்டும், "மண்ணு வேணாம்னு எழுதிக் குடுத்தாச்சுன்னா மண்ணு மேல பெய்யிற மழை மட்டும் எதுக்கு" என்றார், அதற்குப் பிறகு பேச்சு வத்தல் விலைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையிலிருந்து மஞ்சனேந்தலில் போன் ஓயவில்லை. தங்கச்சி மகள் காதுகுத்துக்கு வராத தாய்மாமன் போன் போட்டான், அக்கா கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான், பொங்கல் சீரைப் பத்து வருஷமாக மறந்து போனவனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. "எப்படித்தா இருக்க, வந்து நாலு நாளு இருந்துட்டுப் போ" என்று கூப்பிட்ட குரலில் இருந்த தேனைக் கேட்டு, திருப்பூரில் பனியன் தைக்கிறவளும் மதுரையில் இட்லிக் கடை போட்டவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்கு நம் ஞாபகம் வந்துவிட்டது என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். இறங்கியவர்களுக்குக் காப்பித்தண்ணி கொடுத்துக் களத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள்.

அக்கா தங்கச்சி இல்லாதவன், ஒரு பொட்டப்பிள்ளை கூடப் பெற்றுப் போடாமல் போய்ச் சேர்ந்த அப்பனைத் திட்டினான். பக்கத்துக் களத்துக்காரனின் தங்கச்சியை இரவல் கேட்டுக் கூட்டிவந்து நிறுத்திப் பார்த்தவனும் உண்டு. அவள் அவள் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தவள் என்பதால் இவன் களத்தில் தொப்பலாக நனைந்துபோய், இவனை வாய் நிறைய ஏசிவிட்டுப் போனாள். சந்தையில் யாவாரி வத்தலைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, "இது தார்ப்பாய் வத்தலா, அக்கா தங்கச்சி வத்தலா" என்று கேட்டான். மேகம் கறுத்தால் கோயில் மைக்கில், ஊரிலுள்ள சகோதரிகள் அனைவரும் உடனடியாகக் களத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. தார்ப்பாய்களை மடித்து மூலையில் போட்டுவிட்டார்கள்.

பரமக்குடியில் வாடகை வீட்டில் இருந்த நாகஜோதிக்கும் அந்தப் போன் வந்தது. ராஜாங்கத்தின் ஒரே தங்கச்சி அவள். புருஷன் தர்மர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். பிள்ளை தர்ஷினிக்கு இரண்டு வயது. வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டாலும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகிறவள். அண்ணனே கார் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைக்கு மை போட்டு, இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

களத்தின் மேற்கு மூலையில் அவளை நிறுத்தினார்கள். நடுவில் அம்மா இருளாயி, கிழக்கே வளர்மதி, மேற்கே இவள் நின்றால் களம் முழுசும் மூடிவிடும் என்பது ராஜாங்கத்தின் கணக்கு. மழை வந்தது. நாகஜோதி நனைந்தாள். மையும் பொட்டும் கலைந்து, நல்ல சேலை காலைச் சுற்றி ஒட்டிக்கொள்ள, குளிப்பாட்டிய ஆட்டுக்குட்டி மாதிரி நின்றாள். அவள் காலடியில் பழமும் நனைந்தது.

"என்ன இவ நனையுறா" என்றாள் சுகந்தி, கடையில் வாங்கி வந்த டார்ச் லைட் வீட்டில் எரியாதது போல.

ராஜாங்கம் தலையில் தட்டிக்கொண்டான். "அடடா. நீ இன்னும் போடலல்ல."

அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா மாரடைப்பில் போனபோது நாகஜோதி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கருமாதி முடிந்த கையோடு அம்மாவையும் அக்காவையும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப் போனவர்கள், பச்சை உடம்புக்காரியை அலைய வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டு, அப்படியே மறந்தும் போயிருந்தார்கள்.

"திங்கக்கிழம போயிட்டு வந்துருவோம்" என்றான் ராஜாங்கம். "ஒண்ணுமில்ல, பட்டா மாத்தத்தான். ஒரு கையெழுத்து."

"அதப் போட்டா நான் நனைய மாட்டனாண்ணே?"

"நனைய மாட்ட."

"சளியும் பிடிக்காதுல்ல" என்று சிரித்தாள் நாகஜோதி. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதற்குக் காரணம், அந்த நேரம் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டதுதான்.

இருளாயி களத்து நடுவில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. வீடு மகன் பேருக்குப் போனதிலிருந்து அவள் படுக்கை உர மூட்டை அடுக்கும் கொட்டகைக்குப் போயிருந்தது. அந்த வாரம் முழுக்க வானம் மூடியே கிடந்ததால், விடிந்ததும் களத்தில் ஏறினால் பொழுது இறங்கித்தான் இறங்குகிறாள் என்று வளர்மதி சொன்னாள். இருளாயி மெல்லக் குத்தவைக்கப் பார்த்தாள். உடனே சுகந்தியின் குரல் வந்தது:

"அத்தை, உக்காந்தா வட்டம் சுருங்குது பாருங்க. ஓரத்துப் பழமெல்லாம் நனையுது."

இருளாயி எழுந்து நின்றாள். "நனையாமத்தானத்தா நிக்கிறேன், எனக்கென்ன கொறச்சல்" என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்த களம். அங்கே நின்றவள் பூமயிலு, அவளுக்கு அங்கிட்டு இன்னும் இரண்டு பேர், அதற்கு அங்கிட்டும் பெண்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் ஒவ்வொரு களத்திலும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி அக்காமாரையும் தங்கச்சிமாரையும் நட்டு வைத்திருந்தார்கள். பொழுது போக வேண்டுமே என்று அவர்கள் களத்துக்குக் களம் கத்திப் பேசிக்கொண்டார்கள்.

"ஏத்தா நாகு, நீ மட்டும் என்ன பாவம் பண்ணுன, இப்படி நனையுற" என்று கேட்டாள் பூமயிலு.

"நான் பண்ணலக்கா. நீங்கதான் எதையோ பண்ணிப்புட்டு நிக்கிறீக. அந்தப் பத்திரத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

"அதை ஆரு வாசிச்சா. பட்டா மாத்தணும்னு சொன்னான், போட்டேன். வரையில ஒரு சேலை எடுத்துக் குடுத்தான், ரெண்டு தண்ணிக்குச் சாயம் போயிருச்சு."

"என்னய ரேசன் கார்டுல பேரு எடுக்கணும்னு கூட்டிட்டுப் போனான்" என்றாள் அங்கிட்டு நின்றவள்.

"உங்களுக்காச்சும் சேலை. எனக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். அதுலயும் முட்டைய எந்தம்பி தின்னுட்டான்" என்றாள் கடைசிக் களத்துக்காரி, அதற்கு எல்லாக் களமும் சிரித்தது.

நாகஜோதி சிரிக்கவில்லை. இத்தனை பேர் நிற்கிறார்கள், இத்தனை பேரில் ஒருத்திக்காவது தான் என்னத்தில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியவில்லை, பால்காரனுக்கு நோட்டில் கையெழுத்துப் போடும்போது கூட எத்தனை லிட்டர் என்று எண்ணிப் பார்க்கிறவர்கள், கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துச் சொத்தை தள்ளி வாங்குகிறவர்கள், அப்பன் நிலத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் வந்தது, மதினி மேல் வந்தது, சிரிக்கிற பூமயிலு மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, வீங்கின முட்டியோடு எனக்கென்ன குறைச்சல் என்று சொன்ன அம்மா மேல் வந்தது.

அன்று ராத்திரி பரமக்குடிக்குத் திரும்பியதும் தர்மரிடம் சொன்னாள். அவன் சட்டையை மடித்துக்கொண்டே, "நான் வாயைத் திறந்தா மாப்பிள்ளை சொத்துக்கு அலையுறான்னு சொல்லுவாக. நீயே முடிவு பண்ணு" என்றான். கோழை என்று நினைத்தாள். ஆனால் காலையில் அவன்தான் ஆட்டோவைக் கோர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "உள்ள இலவச சட்ட உதவின்னு போர்டு போட்டிருக்கும். பொம்பளைகளுக்குக் காசு வாங்க மாட்டாகளாம், சவாரி வந்த அம்மா சொன்னுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த அறையில் சண்முகவடிவு என்ற வக்கீல் அம்மா இருந்தார். தர்ஷினி அவர் மேசையிலிருந்த சீல் கட்டையை எடுத்துத் தன் தொடையில் குத்திக்கொண்டிருக்க, நாகஜோதி மழையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் அம்மா மழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அது உங்க அப்பா சம்பாதிச்சு வாங்குன நிலமா, இல்ல தாத்தா சொத்தா" என்று கேட்டார்.

"அப்பா சவுதியில கொத்தனார் வேலை பாத்து வாங்குனது."

"உயில் எழுதி வச்சாரா?"

"அவருக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லவே நேரம் இல்லைங்க."

"அப்ப உங்க அம்மா, அக்கா, அண்ணன், நீங்க, நாலு பேருக்கும் சமபங்கு. நாலுல ஒண்ணு உங்களுது."

"எனக்கு நகை போட்டுச் சீர் செஞ்சுதானே கட்டிக் குடுத்தாங்க. அதோட கழிஞ்சு போச்சுன்னு மதினி சொல்லுது."

"கல்யாணம் பண்ணிக் குடுத்தா மகள் இல்லைன்னு ஆயிருமா? சீர் வேற, பங்கு வேற. அதால ஒரு குழி நிலம் கூடக் கொறையாது."

"பட்டாவை அண்ணன் பேருக்கு மாத்திட்டா?"

"பட்டா வரி கட்டுறதுக்கான பதிவும்மா. அதுல ஒருத்தர் பேரு இருக்குங்கிறதால மத்தவங்க பங்கு அழிஞ்சு போகாது. ஆனாலும் விடக்கூடாது. தாசில்தார் ஆபீசுல ஒரு ஆட்சேபணை மனு குடுத்து வைங்க. ஆனா விடுதலைப் பத்திரம் அப்படியில்ல. அதுல கையெழுத்து போட்டுப் பதிஞ்சாச்சுன்னா பங்கு போனது போனதுதான். பெறகு ஏமாத்தி வாங்கிட்டாங்கன்னு நீங்கதான் கேஸ் போட்டு நிரூபிக்கணும், அதுக்கும் விஷயம் தெரிஞ்ச மூணு வருஷத்துக்குள்ள வரணும்."

"எங்கம்மாவும் அக்காவும் போட்டு ரெண்டு வருஷம் ஆகுது."

"அப்ப அவங்களுக்குக் கதவு இன்னும் சாத்தலை. கஷ்டம்தான், ஆனா சாத்தலை. அம்மாவை மகன் சரியா வச்சுக்கலைன்னா கோட்டாட்சியர்கிட்டயும் மனு போடலாம். அவங்களா வரணும், நீங்க இழுத்துட்டு வரக்கூடாது."

நாகஜோதி பிள்ளையின் கையிலிருந்து சீல் கட்டையைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "என்னுது நாலுல ஒரு பங்குதானே. அப்ப ஏன் களத்துல எங்க நின்னாலும் நனையுறேன்?"

"பிரிக்காத சொத்துல ஒவ்வொரு பிடி மண்ணுலயும் உங்களுக்குப் பங்கு இருக்கு. அளந்து கல்லு ஊன்ற வரைக்கும் அப்படித்தான்" என்ற வக்கீல் அம்மா, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊரு அருப்புக்கோட்டைப் பக்கம். நானும் நனைய மாட்டேன்."

"நீங்க சட்டம் படிச்சவுக."

"படிச்சிட்டுத்தான் போட்டேன். ஒரு வரி விடாம வாசிச்சிட்டுத்தான் போட்டேன். போடலைன்னா அண்ணன் பேச மாட்டானோன்னு பயம். இப்ப நல்லாப் பேசுறான், பருத்தி வெடிக்கிற சமயம் பாத்து."

திங்கட்கிழமை பிள்ளையைத் தர்மரிடம் விட்டுவிட்டு நாகஜோதி அண்ணன் காரில் ஏறினாள். போட மாட்டேன் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் அது அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடந்த சண்டை, அங்கே போய்ச் சொன்னால்தான் அதற்குப் பெயர் பதில் என்று அவளுக்குத் தோன்றியது. காரில் அம்மாவும் அக்காவும் இருந்தார்கள். ஆபீஸ் முடித்து அப்படியே களத்துக்குப் போய்விட வசதியாக இருக்கும் என்று காலையில் சாப்பிடக் கூட விடாமல் ராஜாங்கம் கூட்டி வந்திருந்தான். சுகந்தி மடியில் ஒரு புதுச் சேலை, கடைப் பையோடு.

பத்திரம் எழுதுகிறவர் கடையில் எல்லாம் அடித்துத் தயாராக இருந்தது. "இங்க, இங்க, இங்க" என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். நாகஜோதி பத்திரத்தைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிப்பாளே, அதே ராகம். "என் சகோதரர் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும், எவருடைய தூண்டுதலும் இன்றி, நல்ல மனதுடன், மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல உரிமைகளையும் பாத்தியதைகளையும் இன்றே, இப்பொழுதே…"

"அதெல்லாம் எல்லாப் பத்திரத்துலயும் இருக்கிறதுதாம்மா" என்றார் எழுத்தர்.

"பட்டாங்கிற வார்த்தையே காணமே, சார்."

"நாகு, நேரம் ஆகுது, மேகம் கூடுது" என்றான் ராஜாங்கம். வளர்மதி மட்டும் வாயில் கை வைத்துக்கொண்டு, தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்துக்கு மேலே இருந்த எழுத்துகளை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே சார்பதிவாளர் தலை நிமிராமலே தினமும் கேட்கிறதைக் கேட்டார்: "பத்திரத்தைப் படிச்சுப் பாத்தீங்களா? சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கிறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"படிச்சேன் சார். யாரும் கட்டாயப்படுத்தல" என்றாள் நாகஜோதி. "ஆனா சம்மதம் இல்ல."

சார்பதிவாளர் தலை நிமிர்ந்தார். அவர் வேலையில் அந்தப் பதிலைக் கேட்டு நாளாகியிருக்க வேண்டும். பத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே இடி இடித்தது. ராஜாங்கத்துக்குத் தங்கச்சியை அறைவதா, களத்துக்கு ஓடுவதா என்று தெரியவில்லை; மிளகாய்க்காரன் என்பதால் களத்துக்கு ஓடினான். கார் மேடு பள்ளம் பார்க்காமல் பறந்தது. வழியெல்லாம் சுகந்தி பேசினாள்: கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்க மனசில்லாத கைக்கு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நிற்பார்கள், உன் பிள்ளை பெரிய மனுஷியானால் தாய்மாமன் முறைக்கு எங்கே போவாய், பொறந்த வீடு என்று ஒன்று வேண்டாமா. நாகஜோதி சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது உண்மைதான். வந்தாலும் கையெழுத்து வரவில்லை.

களத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ராஜாங்கம் அம்மாவின் தோளைப் பிடித்து நடுக்களத்தில் கொண்டுபோய் நிறுத்தினான், வளர்மதி தானாகவே கிழக்கே போய் நின்றாள், ராஜாங்கம் குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றான். மற்ற களங்களில் பூமயிலும் மற்றவர்களும் ஏற்கெனவே நட்டபடி நின்றார்கள். மேற்கு மூலை நனைந்துகொண்டிருந்தது.

"ராசா, ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்யா" என்றாள் இருளாயி. "கண்ணைக் கட்டுது."

"செத்த நில்லும்மா. இந்த மழை விடட்டும்."

அம்மாவின் கால்கள் நடுங்குவதை நாகஜோதி பார்த்தாள். சுற்றி இவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது. அம்மா கையை நீட்டினால் கைக்கு ஒரு சொட்டு வராது. அவள் களத்துக்குள் போய், பழத்தை மிதித்துக்கொண்டே போய், அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வாம்மா."

"தொடாத" என்று கத்தினான் ராஜாங்கம். "அம்மாவக் கூட்டிட்டுப் போனீன்னா, இனி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"வாசப்படியிலயும் நாலுல ஒண்ணு என்னுதுண்ணே. அந்தக் கால்வாசியை மிதிச்சுக்கிறேன்."

இருளாயி மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு தன் முட்டியைப் பார்த்தாள். யாரும் இழுக்கவில்லை. அவளாகத்தான் நடந்தாள். வட்டமும் அவளோடு கூடவே நகர்ந்தது, அவள் தாண்டிப் போன பழத்தின் மேலெல்லாம் மழை விழுந்தது. களத்தைத் தாண்டினால் வரப்பு, வரப்பைத் தாண்டினால் தார் ரோடு. ரோட்டில் கால் வைத்ததும் இருளாயியின் உச்சந்தலையில் பொத்தென்று ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு நெற்றியில். அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. ரோட்டை அவள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அது சர்க்கார் ரோடு. இருளாயி வாயைத் திறந்து நிமிர்ந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இறங்கிய மழையைக் குடித்தாள்.

பூமயிலு இதைப் பார்த்தாள். "ஏடி, எனக்கும் தாகமா இருக்கு" என்று பக்கத்துக் களத்துக்காரியிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். பின்னாலேயே அவள் தம்பி பூமயிலக்கா, பூமயிலக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்து, ரோட்டு ஓரத்தில், அதற்கு மேல் அக்கா தன் சொல்லுக்கு அடங்கியவள் இல்லை என்று அவன் காலே அவனிடம் சொன்னது போல நின்றுவிட்டான். ஒவ்வொரு களமாக ஆள் இறங்கியது. தார்ப்பாயைத் தேடி ஆம்பிளைகள் நாலா பக்கமும் ஓடினார்கள். எந்தத் தார்ப்பாய் எங்கே கிடக்கிறது என்று ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை.

வளர்மதிதான் கடைசி. பூப்போல வளர்த்த தம்பி. அவள் கிழக்கு மூலையிலிருந்து நகர்ந்து, அவன் குடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அதை ஒரு தடவை வாசிச்சுக் காட்டியிருக்கலாம்ல, தம்பி. காட்டியிருந்தாலும் போட்டுருப்பேனோ என்னமோ. கேட்டிருக்கலாம்ல." சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போனாள்.

சுகந்தி தார்ப்பாய் தேடி வீட்டுக்கு ஓடியிருந்தாள். களத்தில் மழையும் மிளகாயும் ராஜாங்கமும் நாகஜோதியும் மிச்சம். தண்ணீர் மிளகாய் விதையை அரித்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியது. நாகஜோதி ரோட்டுக்குப் போகவில்லை. கொட்டகை மூலையில் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்து வந்தாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள், மேற்கு மூலையிலிருந்து பழத்தை இரண்டு கையாலும் வாரிக் குவித்தாள். களத்தில் கிடந்ததில் நாலில் ஒரு பங்கு குவிந்ததும் நிறுத்தினாள். தார்ப்பாயை அதன் மேல் போர்த்தி, சுற்றி மண்ணை ஒதுக்கி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எம்பழத்தை எடுக்க உனக்கு என்ன ரைட்டு இருக்கு" என்றான் ராஜாங்கம்.

"விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் என் பங்குக்கு என்னன்னு சொல்லு, தந்துர்றேன். நெலத்துக்கு நீ எனக்குத் தரவேண்டியதையும் சொல்லு."

"நீ என்னதான் கேக்குற?"

"சர்வேயரக் கூப்பிட்டு அளந்து கல்லு ஊனிக் குடு. நீயாக் குடுத்தா அண்ணன் குடுத்ததுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிருவேன். இல்லைன்னா கோர்ட்டு குடுக்கும். குடையை மடக்கிட்டு வாண்ணே, நனைஞ்சுக்கிட்டே பேசுவோம்."

ராஜாங்கம் குடையை மடக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. குடைக்குள் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாகஜோதி தார்ப்பாயின் மேல் சம்மணம் போட்டு இன்னும் வசதியாக உட்கார்ந்தாள். ரோட்டுப் பக்கம் திரும்பி, மழைச் சத்தத்துக்கு மேலே குரலைத் தூக்கி, "அக்கா, அம்மாவுக்குக் கடையில ரெண்டு இட்லி வாங்கிக் குடு. அப்படியே தர்மருக்கு ஒரு போன் போட்டு, பாப்பாவுக்கு ரசஞ்சாதம் பிசைஞ்சு குடுக்கச் சொல்லு. நான் வர நேரமாகும்" என்றாள்.